புதுப் போன் மக்கர் செய்கிறதா? கோளாறு போனிலா, கரண்டிலா, கடை ஏற்றிய மென்பொருளிலா என்று பிரித்தறிய ஒரு வழிமுறை

பர்மாவில், யாங்கோனிலோ பெகுவிலோ மௌல்மீனிலோ புதுப் போன் வாங்குகிறவருக்கு முதல் வாரம்தான் உயிர்நாடி. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவது அந்தக் கெடுவுக்குள்தான். எத்தனை நாள் கெடு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அந்த நாட்களில் ஏதாவது கோளாறு தெரிந்தால் உடனே செட்டிங்ஸைப் போட்டுப் புரட்ட வேண்டாம். நம் ஊரில் போன்மேல் விழும் பழியில் பெரும்பங்கு கரண்டுக்கும் சார்ஜருக்கும் சிக்னலுக்கும் கடையில் ஏற்றிய மென்பொருளுக்கும் போய்ச் சேர வேண்டியது. எது யாருடையது என்று பிரிக்காமல் கடைக்குப் போனால், 'உங்க வீட்டு லைன்தான் சரியில்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிரிப்பதற்கு விதி ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒயரை மாற்றினால் சார்ஜரை மாற்றாதீர்கள். சிம்மை மாற்றினால் இடத்தை மாற்றாதீர்கள். ஆப்பின் மேல் சந்தேகம் என்றால் சேஃப் மோடில் போடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில், அணைக்கும்போது வரும் 'பவர் ஆஃப்' குறியை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வேண்டுமா என்று கேட்கும். அதில் நீங்கள் ஏற்றிய ஆப் எதுவும் ஓடாது. அங்கே கோளாறு நின்றுபோனால் குற்றவாளி ஏதோ ஓர் ஆப். தொடர்ந்தால் போன் அல்லது அதன் சிஸ்டம்.

சார்ஜில் போட்டால் திரை தானாக ஓடுகிறது, எழுத்து தானாக விழுகிறது

முதலில் ஒயரைப் பிடுங்குங்கள். அந்த நொடியே நின்றுவிட்டால் திரையில் பழுது இல்லை. அடுத்து, அதே ஒயரில் பவர் பேங்கைப் போட்டுப் பாருங்கள். பவர் பேங்கில் ஒழுங்காக இருந்து சுவர் பிளக்கில் மட்டும் ஆடுகிறது என்றால் சார்ஜரோ வீட்டு லைனோதான் காரணம்.

திரைக்கடியில் உள்ள கண்ணுக்குத் தெரியாத மின்வலை, விரல் பட்டதும் மாறும் மிகச் சிறிய மின்னேற்றத்தை அளந்து தொடுகையை அறிகிறது. மலிவுச் சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் பாகங்கள் குறைவு. இரண்டு முள் பிளக் என்பதால் எர்த்தும் கிடையாது. அந்த இரைச்சல் ஒயர் வழியாகப் போன் முழுவதையும் ஆட்டும்போது, எது விரல், எது இரைச்சல் என்று திரைக்குத் தெரியாமல் போகிறது. கரண்டு போனதும் வீட்டு இன்வெர்ட்டரிலோ தெரு ஜெனரேட்டரிலோ ஓடினால் இது இன்னும் கூடும். விலை குறைந்த இன்வெர்ட்டர் தரும் மின்னலை வழவழப்பாக இருக்காது, படிப்படியாக வெட்டுண்டிருக்கும். வெறுங்காலோடு தரையில் நின்று போனின் உலோக விளிம்பைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருசுருவென்று வருகிறதே, அதற்கும் மூலம் எர்த் இல்லாத இந்தச் சார்ஜர்தான்.

பெட்டியில் வந்த சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் சார்ஜரே வராத மாடல் என்றால், கடையில் அந்தக் கம்பெனி சார்ஜரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் திரை ஆடினால் மட்டும் கண்ணாடி ஸ்டிக்கரை உரித்துவிட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் ஆடினால் திரை பழுது. அதற்குச் சாட்சி வேண்டும்: செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயின்டர் லொக்கேஷன்' போட்டால் தொடாத இடத்தில் கோடு ஓடுவது கண்ணெதிரே தெரியும். இன்னொரு போனால் அதை வீடியோ எடுத்து வையுங்கள்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் நகரவே இல்லை

5000 எம்ஏஎச் பேட்டரி என்பது ஏறத்தாழ 19 வாட்-மணி. 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் பழைய சார்ஜர் 5 வாட்தான் தருகிறது. வழியில் வீணாவதையும் சேர்த்தால் காலியிலிருந்து நிறைய 5 மணி நேரம் ஆகிவிடும். 10 வாட்டில் இரண்டரை மணி. கரண்டு முறை வைத்து வந்து போகும் வீட்டில் இந்த வித்தியாசம்தான் அன்றைய நாளைத் தீர்மானிக்கிறது. அதனால் போன் வாங்கும்போது சார்ஜரையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பெட்டியில் '67 வாட்' என்று இருந்தாலும் அந்த வேகம் அதே கம்பெனி சார்ஜர், அதே கம்பெனி ஒயர் இரண்டும் சேர்ந்தால்தான் வரும். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் பாஷையில் பேசுகிறது. பாஷை புரியாவிட்டால் போன் பத்துப் பதினைந்து வாட்டுக்கு இறங்கிவிடும். டைப்-சி ஒயரில் 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமென்றால் ஒயரின் முனைக்குள் ஒரு சிறு சில்லு இருக்க வேண்டும். தெருக்கடை ஒயரில் அது பெரும்பாலும் இருக்காது. ஆகவே முதலில் ஒயர், பிறகு சார்ஜர், கடைசியில்தான் போன்.

எல்லோரும் கவனிக்கத் தவறும் இடம் பிளக். சீனாவிலிருந்து வரும் சார்ஜரில் இரண்டு தட்டை முள் இருக்கும். அதைப் பல ஊர் முள்ளும் ஏற்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் லூசாக நிற்கும். 'சார்ஜிங்' என்ற குறி வந்து வந்து போகிறதென்றால் பிளக்கை விரலால் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். குறி மாறினால் கோளாறு அங்கேதான். பொறி பறக்கும் இணைப்பில் தொடர்ந்து சார்ஜ் போடுவது ஆபத்து. இறுக்கமாக நிற்கும் அடாப்டர் வாங்குங்கள்.

சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருந்தால், லைன் 170க்கு இறங்கினாலும் அது தாங்கும். அதைக் கெடுப்பது, கரண்டு திரும்ப வரும் நொடியில் பாயும் அதிக வோல்ட். கரண்டு போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

பவர் பேங்கை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே 3.7 வோல்ட்டில், அதாவது 74 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவதைக் கழித்தால் 5000 எம்ஏஎச் போனை ஏறத்தாழ மூன்று தடவை நிரப்பும். ஒரு தடவையோடு படுத்துவிட்டால் பவர் பேங்குதான் பொய் சொல்கிறது.

பேட்டரி நிற்கவே இல்லை

முதல் இரண்டு மூன்று நாள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய போனிலிருந்து வந்த படங்களை அடுக்குவதும் ஆப்களைத் தயார் செய்வதுமாகப் போன் உள்ளுக்குள் உழைத்துக்கொண்டிருக்கும். லேசான சூடும் அப்போது இயல்புதான்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் இரவில் ஒரு சோதனை. தூங்கப் போகும்போது ஏரோப்ளேன் மோடு போட்டு, எத்தனை சதவீதம் என்று குறித்து வையுங்கள். எட்டு மணி நேரத்தில் ஒன்று முதல் மூன்று சதவீதம் இறங்கினால் பேட்டரி நல்ல பேட்டரி. பகலில் தின்பது சிக்னல். எட்டு, பத்து என்று இறங்கினால் சேஃப் மோடில் அதே சோதனையை மறுநாள் செய்யுங்கள். அதிலும் இறங்கினால் கடைக்குப் போகலாம்.

சிக்னல் ஏன் தின்கிறது? கரண்டு போய் நேரமானால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடுகிறது. ஜெனரேட்டர் ஓடாத டவர் அணைந்ததும் உங்கள் போன் தூரத்து டவரைப் பிடித்துக்கொண்டு, முழு பலத்தையும் போட்டுப் பேசுகிறது. சார்ஜ் போட வழியில்லாத அதே நேரத்தில் பேட்டரியும் வேகமாக இறங்குவது இதனால்தான். செட்டிங்ஸில் 'அபவுட் போன்', பிறகு 'சிம் ஸ்டேட்டஸ்' போய் சிக்னல் அளவைப் பாருங்கள். 4ஜியில் மைனஸ் 85 டிபிஎம் பக்கம் நல்லது. மைனஸ் 110க்குக் கீழே போனால் போன் திணறுகிறது என்று அர்த்தம். இரண்டு சிம் போட்டிருந்தால் வீட்டில் எடுபடாத சிம்மை அணைத்து வையுங்கள். பலன் அன்றே தெரியும்.

சித்திரை வெயிலில் சார்ஜ் நடுவிலே நின்றுபோனால் அது பழுது அல்ல, பாதுகாப்பு. பேட்டரி 45 டிகிரியைத் தொடும் நிலையில் போனே சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். கவரைக் கழற்றி, தலையணை மேலிருந்து எடுத்துத் தரையில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், உள்ளே நீர் கோத்துவிடும்.

வைபர் அழைப்பு மணி அடிப்பதில்லை. திரையைத் திறந்தால் மொத்தமாகக் கொட்டுகிறது

நிதானமாகப் பார்க்க வேண்டியது இந்தக் கோளாறைத்தான். வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பெரிய மனவருத்தத்தை உண்டாக்குவதும் இதுதான்.

மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, பேட்டரியை மிச்சம் பிடிக்க போனே ஆப்பைக் கொன்றுவிடுவது. ஆப் இன்ஃபோவில் போய் பேட்டரியை 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' ஆக்குங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' இருந்தால் திறந்துவிடுங்கள். இரண்டையும் செய்தால்தான் பலன். பிறகு வைஃபையை அணைத்து, போனைப் பூட்டி அரை மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு, வேறொருவரை அழைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் செய்யும் சோதனை செல்லாது, போன் அதற்குள் ஆழ்ந்து தூங்கியிருக்காது.

இரண்டாவது, போன் சீனச் சந்தைக்கென்று செய்ததாக இருப்பது. சீன எல்லை வழியாக வரும் போன்களில் இது சகஜம். விலை குறைவு, வன்பொருள் நயமானது, ஆனால் சீன ரோமில் (கம்பெனி ஏற்றி அனுப்பும் சிஸ்டம் மென்பொருளில்) கூகுள் சேவைகள் முழுமையாக இராது. செய்தி வந்ததும் போனைத் தட்டி எழுப்புகிற வேலை கூகுள் சேவையுடையது. அது அரைகுறையாக இருந்தால் எழுப்ப ஆள் இல்லை. மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சீனமும் ஆங்கிலமும் மட்டும்தான், தமிழோ பர்மியமோ இல்லை என்றால் அது சீன ரோம்.

மூன்றாவதுதான் தொல்லை பிடித்தது. பெட்டியின் மேல் சீன எழுத்து, உள்ளே ஐம்பது மொழி. அப்படியென்றால் கடையிலோ நடுவிலோ யாரோ பூட்லோடரை, அதாவது வேறு சிஸ்டம் ஏறாமல் காக்கும் பூட்டை, திறந்து பன்னாட்டு ரோமை ஏற்றியிருக்கிறார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். அப்டேட் வராது, அல்லது வந்து ஏறும்போது போன் எழாமலே நின்றுவிடும். பணம் அனுப்பும் ஆப்களும் பேங்க் ஆப்களும் 'இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல' என்று திறக்க மறுக்கும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, செட்டிங்ஸ், அபவுட் என்று போனால் 'பிளே ப்ரொடெக்ட் சர்ட்டிஃபிகேஷன்' என்ற வரி இருக்கும். அங்கே சான்று பெற்ற கருவி என்று இல்லாவிட்டால் கெடுவுக்குள் திருப்பிவிடுவதே உத்தமம். போன் தொடங்கும்போது திறந்த பூட்டுப் படம் மின்னி மறைவதும் அதே அடையாளம். 'பூட்லோடரை மறுபடி பூட்டிவிட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: சீனக் கருவியில் பன்னாட்டு ரோம் இருக்கும்போது பூட்டினால் சில மாடல்கள் அதோடு தொடங்கவே மறுத்துவிடும்.

இந்தச் சோதனையைக் கடையிலேயே, பணம் எண்ணித் தருவதற்கு முன்பே செய்யலாம். அதே நேரத்தில் *#06# அடித்து, வரும் இரண்டு ஐஎம்இஐ எண்களும் (போனின் அடையாள எண்கள்) பெட்டியில் உள்ளவையும் ஒன்றா என்று 15 இலக்கமும் ஒப்பிடுங்கள்.

மணி சரிதான், ஆனால் செய்திகள் வரிசை மாறுகின்றன. கோட் எண் ஏற்க மறுக்கிறது

பர்மாவின் நேரம் உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னால். சீனா எட்டு மணி, தாய்லாந்து ஏழு மணி. வெளியிலிருந்து வந்த போன் ஒன்றரை மணி நேரம் வேகமாகக் காட்டினால், பலர் முள்ளைத் திருப்புவதுபோல் கையால் ஒன்றரை மணி குறைத்துவிடுகிறார்கள். திரையில் மணி சரியாகிவிடும். உள்ளே உலக நேரம் ஒன்றரை மணி பின்தங்கிவிடும். கணக்கில் நுழைய, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைத் தரும் ஆப் அந்த உலக நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. எண் எப்போதும் தப்பாகவே வரும். நேரத்தைத் தானியங்கியாக விடுங்கள், நேர வலயத்தை மட்டும் கையால் யாங்கோன் என்று வையுங்கள்.

பர்மிய எழுத்து உடைந்து தெரிகிறது

புள்ளி வட்டம், இடம் மாறிய குறி, படிக்க முடியாத சொல். போனில் பழுதில்லை, இரண்டு எழுத்துமுறைகளின் மோதல் இது. பர்மாவில் நெடுங்காலம் ஜோஜி என்ற எழுத்துமுறை புழங்கியது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. இரண்டும் ஒரே எண்களைப் பயன்படுத்துகின்றன, ஆனால் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு வடிவம் தருகின்றன. அதனால் எது எதில் எழுதியது என்று போனுக்கே சில நேரம் தெரிவதில்லை.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை யூனிகோடில் திறந்து தவித்தவர்களுக்கு இது புரியும். தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் நின்றாலும் யூனிகோட் அதைக் ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கிறது. பர்மிய எகரக் குறியும் அப்படியே. ஜோஜியில் அது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோட் போனில் அதைத் திறந்தால் குறி தவறான எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டத்தில் தனியே தொங்கும்.

பிரிக்கும் முறை: செட்டிங்ஸைப் பர்மிய மொழிக்கு மாற்றிப் பாருங்கள். மெனு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்து, சிலருடைய செய்தி மட்டும் உடைந்தால் அனுப்புகிறவர் போன்தான் ஜோஜியில் இருக்கிறது. மெனுவே உடைந்திருந்தால் கடையில் ஜோஜி எழுத்துரு கொண்ட தீம் ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். டிஸ்ப்ளேயில் எழுத்துருவை 'டீஃபால்ட்' ஆக்குங்கள். பழைய செய்திகளைப் படிக்க மாற்றி ஆப் ஒன்று வைத்துக்கொண்டால் போதும். ஒருவருக்காக உங்கள் போனையே ஜோஜிக்கு மாற்ற வேண்டாம், பேங்க் ஆப்பில் உள்ள பெயர்களெல்லாம் உடைந்துவிடும்.

பழைய போனிலிருந்து வந்த தொடர்புப் பெயர்களையும் பாருங்கள். ஜோஜியில் சேமித்த பெயரை யூனிகோட் விசைப்பலகையில் தேடினால் கிடைக்காது. எண் தொலைந்துவிட்டது என்று பதறாமல், எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் போட்டுத் தேடி, பெயரை மறுபடி தட்டிச் சேமியுங்கள். தமிழில் சேமித்த பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பேசும்போது திரை எரிகிறது, கன்னம் பட்டு மியூட் ஆகிறது

காதருகே வந்ததை அறியும் சென்சார் திரையின் மேல் விளிம்பில், காதொலிப்பானை ஒட்டி இருக்கிறது. கன்னத்தில் பூசும் தனக்கா மரப்பட்டைச் சாந்தின் தூள் உலர்ந்து அந்த இடுக்கில் படியும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வெளிர்மஞ்சள் கோடாகத் தெரியும். மென்மையான உலர் பிரஷ்ஷால் பக்கவாட்டில் தட்டிவிடுங்கள், ஊசி வேண்டாம். கண்ணாடி ஸ்டிக்கரின் கறுப்பு ஓரம் சென்சாரை மறைத்தால் இதற்கு நேர்மாறாக, பேசி முடித்த பின்னும் திரை எழாது. சாம்சங்கில் *#0*#, ஷாவ்மியில் *#*#6484#*#* அடித்தால் சோதனைத் திரை வரும். கையை அருகே கொண்டுபோய் எண் மாறுகிறதா என்று பாருங்கள். சில மலிவு மாடல்களில் தனிச் சென்சாரே இல்லை, மென்பொருள் ஊகித்துச் சொல்கிறது. அந்த மாடலில் துடைத்தும் பயனில்லை.

படம் மங்கல், படம் நடுக்கம்

மங்கல் என்றால் முதலில் லென்ஸ் மேல் கம்பெனி ஒட்டிய மெல்லிய தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஏசி அறையிலிருந்து தெருவுக்கு வந்ததும் மங்கினால் வெளிப்புற ஈரம். பத்து நிமிடத்தில் போய்விடும். லென்ஸுக்கு உள்ளே பனித்திட்டு நின்றால் அடைப்பு சரியில்லாத போன், திருப்புங்கள்.

நடுக்கம் வேறு விஷயம். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. மாண்டலேயிலும் மற்ற ஊர்களிலும் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு ஓட்டுவது வழக்கம். படம் ஆடாமல் பிடிக்க லென்ஸைக் காந்தத்தில் மிதக்கவிட்டிருக்கும் போன்களில் என்ஜின் அதிர்வு அந்த அமைப்பைக் கெடுத்துவிடலாம். கேமராவைத் திறந்ததும் காட்சி அலைபாய்ந்து 'ர்ர்' என்று ஒலி வந்தால் அதுதான். கேமரா பாகத்தையே மாற்ற வேண்டும்.

திஞ்ஞான் நீர்த் திருவிழாவில் நனைந்தது; 'போர்ட்டில் ஈரம்' என்கிறது

ஐபி67 என்ற நீர் தாங்கும் தரம் என்றால் சோதனைச்சாலையின் நல்ல தண்ணீரில் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம். தெருவில் ஹோஸ் பைப்பால் பாய்ச்சும் வேகம் அந்தக் கணக்கில் இல்லை. நீர் புகுந்த போனுக்கு வாரன்டி பெரும்பாலும் கிடையாது. சிம் தட்டின் குழிக்குள் உள்ள வெள்ளை ஒட்டு சிவந்திருக்கிறதா என்றுதான் பழுது பார்ப்பவர் முதலில் பார்ப்பார். ஆகவே ஏப்ரல் பாதியில் பிளாஸ்டிக் உறை போட்டே வெளியே போங்கள். ஈரம் என்று வந்துவிட்டால் போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூள் போர்ட்டில் அடைந்துகொள்ளும். எச்சரிக்கையை மீறிச் சார்ஜ் போட்டால் ஊசிகள் அரித்துப்போகும்.

சில்லறைக் கோளாறுகள்

விரல் ரேகை பிடிக்கவில்லை: ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு பழைய பதிவை அழித்து, ஒரே விரலை இரண்டு தடவை பதியுங்கள். பேசும்போது இன்டர்நெட் நிற்கிறது: சிம் செட்டிங்ஸில் வோல்ட்டியை (VoLTE, 4ஜியிலேயே பேசும் வசதி) திறங்கள், சீன மாடலில் அந்த வரியே இல்லாமல் இருக்கலாம். 128 ஜிபிக்கு 119தான் காட்டுகிறது: கணக்கிடும் முறையின் வித்தியாசம், ஏமாற்று இல்லை. '8+8 ராம்' என்பதில் இரண்டாவது எட்டு சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

கடைக்குக் கொண்டுபோகுமுன்

கோளாறின் வீடியோ, ரசீது, பெட்டி, கூடவந்த ஒயரும் சார்ஜரும் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். சேஃப் மோடிலும் வருகிறது, இன்னொரு ஒயரிலும் வருகிறது என்று சோதித்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். போனைக் கையில் கொடுக்கும் முன் பணம் அனுப்பும் ஆப்பிலிருந்து வெளியேறி, கூகுள் கணக்கைச் செட்டிங்ஸில் நீக்கி, அதன் பிறகு செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால் போன் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் மாற்றித் தர மறுக்க அதுவே போதும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று தட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.